டேங்க், கொதிகலன், ரியாக்டர்: டைனமிக் மாடல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஒரே ஜில்லாவாக இருந்த நெல்லைச் சீமையில் வேதிப் பொறியியலுக்கு வேலை குறைவில்லை. தூத்துக்குடியில் உரமும் சோடா சாம்பலும், சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா, கடலோரம் நெடுக உப்பளம், உள்ளே வந்தால் அரிசி ஆலைக் கொதிகலன்கள், தேரிக்காட்டில் கருப்பட்டி. இந்தக் கலன்களின் போக்கை நிமிடத்துக்கு நிமிடம் கணக்கில் பிடிக்க, அதாவது டைனமிக் மாடல் எழுத, நினைக்கும் மாணவர்களும் ஆலைப் பணியாளர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். சமன்பாடுகளைச் சொல்லாகவே எழுதியிருக்கிறோம். குறியீடாக மாற்றிக்கொள்வது எளிது.

ஸ்டெடி ஸ்டேட் கணக்கு போட்டுத்தானே ஆலையையே கட்டினார்கள்? அதற்குமேல் டைனமிக் மாடல் எதற்கு?

ஸ்டெடி ஸ்டேட் கணக்கு, அதாவது எதுவும் மாறாமல் நிற்கும் நிலையின் கணக்கு, கலன் எங்கே போய் நிற்கும் என்று சொல்லும். எத்தனை நிமிடத்தில், எந்த வழியாக என்று சொல்லாது. கரன்ட் போய் பம்ப் நின்றால் டேங்க் வழிய எவ்வளவு நேரம் இருக்கிறது, குளிர்நீர் நின்றால் ரியாக்டர் சூடு கைமீறுமா, வால்வைத் தானாகத் திருப்பும் கன்ட்ரோலருக்கு என்ன செட்டிங் போடுவது: இவற்றுக்குத்தான் டைனமிக் மாடல். உங்கள் கேள்வியில் நேரமே வரவில்லை என்றால் இந்த வேலையே தேவையில்லை.

எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன், மாடல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ‘ரியாக்டரை மாடல் செய்வது’ என்பது கேள்வி ஆகாது. ‘ஜாக்கெட்டுக்குத் தண்ணீர் நின்றால் 90 டிகிரியைத் தொட எத்தனை நிமிடம்?’ என்பது கேள்வி (ஜாக்கெட் என்பது கலனைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை). எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அந்த வாக்கியம்தான் முடிவு செய்யும்.

அடுத்து கலனைச் சுற்றி ஒரு கோடு. கோட்டுக்குள் எவையெல்லாம் தேங்கி நிற்கின்றன என்று பாருங்கள்: தண்ணீரின் நிறை, கரைந்த பொருளின் நிறை, வெப்பம். தேங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு:

சேரும் வேகம் = வரத்து − போக்கு + உள்ளே உண்டாவது − உள்ளே தீர்வது

தேங்காதவற்றுக்கு இந்தச் சமன்பாடு கிடையாது. வால்வு வழியே போகும் ஓட்டம், சுவர் வழியே கடக்கும் வெப்பம், வினை நடக்கும் வேகம் எல்லாம் அந்த நொடியின் மட்டம், சூடு, செறிவு ஆகியவற்றைப் பொறுத்து வரும் சாதாரணச் சமன்பாடுகள். கடைசியில், தெரியாதவை எத்தனை, சமன்பாடுகள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவராமல் நிரல் எழுத உட்காராதீர்கள். ஒன்று குறைந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு போக்குக்கு விதி எழுத மறந்திருப்பீர்கள். ஒன்று கூடினால் ஒரே சமநிலையை (மேலே சொன்ன வரத்து–போக்குச் சமன்பாட்டை) இரண்டு தடவை எழுதியிருப்பீர்கள். நீர், உப்பு, மொத்தம் என மூன்று நிறைச் சமநிலை எழுதுவது இதில் மிகச் சகஜம். அவற்றில் இரண்டு எழுதினாலே மூன்றாவது தானாக வந்துவிடும்.

ஒரு சாதாரண டேங்கை எடுத்து எண்ணோடு காட்ட முடியுமா?

குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர். அடியில் ஒரு வால்வு வழியே தண்ணீர் திறந்தவெளியில் விழுகிறது. நொடிக்கு 2.4 லிட்டர் வருகிறது, அதே அளவு போகிறது, மட்டம் 1.44 மீட்டரில் நிற்கிறது.

2 × மட்டம் ஏறும் வேகம் = வரத்து − போக்கு
போக்கு = வால்வு மாறிலி × √மட்டம்

1.44-இன் வர்க்கமூலம் 1.2. போக்கு நொடிக்கு 0.0024 கன மீட்டர். ஆகவே வால்வு மாறிலி 0.002. இந்த டேங்கின் கால மாறிலி, அதாவது மொத்த மாற்றத்தில் 63.2% நடந்து முடிய ஆகும் நேரம், 2 × பரப்பு × மட்டம் ÷ போக்கு. கணக்கிட்டால் 2,400 நொடி, 40 நிமிடம். கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்து 20 நிமிடம் என்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். போக்கு மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், மட்டம் 10% ஏறினால் போக்கு ஏறக்குறைய 5% தான் ஏறும். டேங்க் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகம் பாதியாகிறது, நேரம் இரட்டிக்கிறது.

இதன் நடைமுறைப் பொருளைக் கவனியுங்கள். வரத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் மாற்றத்தில் 22% தான் நடந்திருக்கும். ‘போதவில்லை’ என்று இன்னொரு சுற்று திறந்தால், மதியத்துக்குள் டேங்க் வழியும்.

அதே டேங்கில் வால்வுக்குப் பதில், மட்டம் எதுவானாலும் ஒரே அளவு இழுக்கும் பம்ப் இருந்தால் கதை வேறு. வரத்து நொடிக்கு 0.24 லிட்டர் கூடினாலும் மட்டம் மணிக்கு 43 சென்டிமீட்டர் ஏறிக்கொண்டே இருக்கும். எங்கும் நிற்காது. இப்படிப்பட்ட டேங்குக்கு அடங்கும் கால மாறிலி என்று ஒன்றே இல்லை. போக்கு வால்வா, பம்பா என்பதை நேரில் பார்க்காமல் சமன்பாடு எழுதக்கூடாது.

வால்வு மாறிலியை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது?

புத்தகம் வேண்டாம், ஒரு டேப்பும் கடிகாரமும் போதும். வரத்தை அடைத்துவிட்டு டேங்க் வடிவதை அளந்து பாருங்கள். மேலே சொன்ன டேங்க் 1.44 மீட்டரிலிருந்து வடியத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் 0.81, இருபதில் 0.36, முப்பதில் 0.09 மீட்டர், நாற்பதில் காலி. முதல் பத்து நிமிடத்தில் 63 சென்டிமீட்டர், அடுத்ததில் 45, பிறகு 27, கடைசியில் 9. மட்டத்தை அப்படியே வரைந்தால் வளைவு. வர்க்கமூலத்தை வரைந்தால் 1.2, 0.9, 0.6, 0.3 என்று பிசகாத நேர்கோடு. கோட்டின் சரிவை 2 × பரப்பால் பெருக்கினால் வால்வு மாறிலி.

நேர்கோடு வரவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல். டேங்க் மாடியில் இருந்து, குழாய் நாலு மீட்டர் கீழே இறங்கித் திறந்தால் தண்ணீரைத் தள்ளுவது டேங்க் மட்டம் மட்டும் அல்ல, அந்த நாலு மீட்டரும் சேர்ந்துதான். அப்போது மட்டத்தோடு 4-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், கோடு நேராகும். அதற்கும் வளைந்தால் வால்வில் குப்பை அடைத்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று நிற்கலாம்.

வர்க்கமூலத்தை விட்டுவிட்டு லீனியர், அதாவது நேர்கோட்டுச் சமன்பாடு, ஆக்கிக்கொள்ளலாமா?

கன்ட்ரோலருக்குச் செட்டிங் போடும் டியூனிங்குக்குத் தாராளமாக. பாதுகாப்புக் கணக்குக்குக் கூடாது. அதே டேங்கில் வரத்து 20% கூடினால் லீனியர் மாடல் மட்டம் 2.016 மீட்டரில் நிற்கும் என்கிறது. உண்மைச் சமன்பாடு 2.074 மீட்டர் என்கிறது. டேங்க் விளிம்பு 2.05 மீட்டரில் இருந்தால், ஒரு மாடலில் மூன்று சென்டிமீட்டர் மிச்சம், இன்னொன்றில் தரையெல்லாம் தண்ணீர். அது தண்ணீராக இல்லாமல் காஸ்டிக் கரைசலாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆவியாக்கும் கலனை எப்படி எழுதுவது?

உடன்குடிப் பக்கம் விடிலியில் (பனையேறிகளின் குடிசையில்) பதநீர் காய்ச்சும் சட்டியை விட நல்ல பாடம் இதற்கு இல்லை. ஒரு தடவை நிரப்பிக் காய்ச்சி முடிக்கும் பேட்ச் எவாப்பரேட்டரின் எல்லாக் குணமும் அதில் உண்டு.

சுண்ணாம்பு இட்ட பதநீர் 100 கிலோ, சர்க்கரை 12% என்று வைப்போம். சட்டிக்குள் நிகரமாக இறங்கும் வெப்பம் 20 கிலோவாட். விறகின் வெப்பம் இதைப் போலப் பல மடங்கு, பெரும்பகுதி புகையோடு போகிறது. இரண்டு சமநிலை போதும். சர்க்கரை 12 கிலோ, மாறாது. மொத்த நிறை குறையும் வேகம் = வெப்பம் ÷ ஆவியாதல் வெப்பம். கிலோவுக்கு 2,257 கிலோஜூல் என்றால் மணிக்கு ஏறக்குறைய 32 கிலோ தண்ணீர் போகும். அதற்கு முன், 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கவே 23 நிமிடம் ஆகும்.

நிறை நேர்கோட்டில் குறைகிறது. செறிவு அப்படி ஏறுவதில்லை, ஏனென்றால் செறிவு = 12 ÷ நிறை. கொதி தொடங்கி 12%-லிருந்து 24%-ஐத் தொட 94 நிமிடம். 50%-லிருந்து 75%-க்கு 15 நிமிடம். 75%-லிருந்து 90%-க்கு வெறும் 5 நிமிடம். ஒன்றரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்த சட்டி கடைசிக் கால் மணியில் ஏன் அப்படி விரட்டுகிறது என்பதற்கு இந்த ஒரு வகுத்தல்தான் காரணம். பதம் பார்க்கிறவர் கரண்டியோடு அடுப்படியை விட்டு நகராமல் நிற்பது இந்தக் கணிதத்தை அறிந்துதான்.

இங்கே இரண்டு திருத்தம் அவசியம். செறிவு கூடக்கூடக் கொதிநிலை ஏறும். கடைசியில் 110 டிகிரியைத் தாண்டிவிடும். பாகு கெட்டியாகி அடியில் வெப்பம் கடப்பதும் குறையும். கிண்டாமல் விட்டால் அடிப்படலம் மட்டும் சூடேறிக் கருகும். ‘முழுதும் ஒரே சூடு’ என்ற அனுமானம் அங்கேதான் உடைகிறது. ஆகவே 70% வரை எளிய மாடல், அதற்குமேல் கொதிநிலை உயர்வோடும் குறையும் வெப்பக் கடப்போடும் இரண்டாவது மாடல் என்று பிரித்து எழுதுங்கள். பாகைச் சிரட்டையில் ஊற்ற வேண்டிய நேரம் உங்கள் கேள்வி என்றால் இரண்டாவது பகுதிதான் முக்கியம். விறகுக் கணக்கு என்றால் முதல் பகுதியே போதும்.

உப்புப் பாத்திக்கும் இதே சமன்பாடா?

அமைப்பு அதேதான், வெப்பத்துக்குப் பதில் வெயிலும் காற்றும். கால அளவு நிமிடம் அல்ல, நாள். கடல்நீர் சுமார் 3 போமே டிகிரியில் (உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு) தொடங்குகிறது, உப்பு 25-க்கு அருகில் படியத் தொடங்கும். விட்டுப்போகக் கூடாத ஒன்று: நிறைசெறிவு உப்புநீரின் மேல் ஆவியழுத்தம் நல்ல தண்ணீரைப் போல முக்கால் பங்குதான். காற்றின் ஈரப்பதம் 75%-க்கு மேல் போய், பாத்தியும் காற்றும் ஒரே சூட்டில் இருந்தால் ஆவியாதலே நின்றுவிடும். கடலோர இரவுகளில் நடப்பது இதுதான். நல்ல தண்ணீர்த் தட்டின் ஆவியாதல் அளவை அப்படியே போட்டால் விளைச்சலை மிகையாகச் சொல்லிவிடுவீர்கள்.

ஜாக்கெட் ரியாக்டரில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெப்பம் உண்டாகும் கோட்டின் சரிவையும் வெப்பம் வெளியேறும் கோட்டின் சரிவையும். இரண்டு கன மீட்டர் நீர்க் கரைசல், 7 சதுர மீட்டர் ஜாக்கெட், வெப்பக் கடப்புக் கெழு (ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி இடைவெளிக்குக் கடக்கும் வாட்) 350 என்று எடுத்தால் ஒரு டிகிரிக்கு 2.45 கிலோவாட் வெளியேறும். 80 டிகிரியில் வினை 60 கிலோவாட் வெப்பம் தருகிறது, ஜாக்கெட் 55.5 டிகிரி. 60 உண்டாகிறது, 60 வெளியேறுகிறது, தாளில் எல்லாம் சரி.

ஆனால் வினை வேகம் பத்து டிகிரிக்கு இரட்டிக்கிறது என்றால், 80 டிகிரியில் ஒரு டிகிரி ஏறும்போது உண்டாகும் வெப்பம் 4.16 கிலோவாட் கூடுகிறது. வெளியேறுவது 2.45 மட்டுமே கூடுகிறது. மிச்சம் 1.7 கிலோவாட் உள்ளேயே தங்கி இன்னும் சூடேற்றும். மூலப்பொருள் நிறைய இருக்கும் வரை இது தானாக அடங்காது. ஸ்டெடி ஸ்டேட் கணக்கு மட்டும் போட்டவருக்கு இந்த ஆபத்து கண்ணிலேயே படாது. வழி என்ன? ஜாக்கெட்டுக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, கூடுதல் பரப்பால் அதே வெப்பத்தை எடுக்க வேண்டும். அல்லது வினைப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

கலனின் இரும்புச் சுவரைச் சேர்க்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். இந்த அளவில் கரைசலின் வெப்பக் கொள்ளளவு டிகிரிக்கு 8,400 கிலோஜூல், 1,200 கிலோ எஃகுக்கு 600 தான். விட்டுவிடலாம். ஆய்வகத்து ஒரு லிட்டர் கலனில் விடக்கூடாது. அங்கே சுவர் பெரிய பங்கு.

வினை வேகச் சமன்பாட்டில் சூட்டைக் கெல்வினில் போட்டீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள். செல்சியஸில் போட்டாலும் நிரல் ஓடும், எண்ணும் வரும். அதனால்தான் இந்தப் பிழை பல நாள் பிடிபடாமல் கிடக்கும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரை எத்தனை பகுதியாக வெட்ட வேண்டும்?

வெந்நீரின் சூட்டைச் சுவர் வழியே குளிர்நீருக்கு மாற்றும் இந்தக் கலனை ஒரே பகுதியாக எழுதினால் எதிரெதிர் ஓட்டத்தில் குளிர்நீர் வெளியேறும் சூடு, வெந்நீர் வெளியேறும் சூட்டைத் தாண்ட முடியாது. உண்மையில் தாண்டலாம். பத்துப் பகுதியில் தொடங்குங்கள், பிறகு இருபது ஆக்கிப் பாருங்கள். விடை நகரவில்லை என்றால் பத்தே போதும்.

பகுதிகளைக் கூட்டுவதை விடப் படிவைச் சேர்ப்பதுதான் இந்தப் பக்கம் அதிகப் பயன். கடலோரத்துப் போர்வெல் தண்ணீர் ஓடும் எக்ஸ்சேஞ்சரில் சுண்ணாம்புப் படிவு 0.0003 அளவு தடை தந்தால், 1,000 ஆக இருந்த வெப்பக் கடப்புக் கெழு 769 ஆகிவிடும். சுத்தம் செய்த மறுநாள் எடுத்த தரவில் பொருத்திய மாடல் நாலு மாதம் கழித்துப் பொய் சொல்வது இதனால்தான். கெழுவை மாறாத எண்ணாக வைக்காமல், மெதுவாக மாறும் எண்ணாக வைத்து வாரம் ஒரு முறை திருத்துங்கள்.

நீண்ட குழாய்?

தூய தாமதம், அவ்வளவுதான். 100 மில்லிமீட்டர் குழாய் 200 மீட்டர் போனால் உள்ளே 1.57 கன மீட்டர். நொடிக்கு 3 லிட்டர் ஓடினால் ஏறக்குறைய 8 நிமிடம் 44 நொடி. ஓட்டம் பாதியானால் தாமதம் இரட்டிக்கும் என்பதை மறக்க வேண்டாம். மாறாத எண்ணாகப் போட்டுவிடுவது பொதுவான தவறு.

கொதிகலன் மாடலில் மட்டம் எதிர்த்திசையில் போகிறதே, குறியீட்டுப் பிழையா?

மாடலில் அப்படி வந்தால் மகிழுங்கள், பெரும்பாலும் அது சரி. நெல் அவிக்கும் தொட்டிக்கு நீராவி வால்வை ஒரே மூச்சில் திறந்தால் டிரம்மில் அழுத்தம் விழும். தண்ணீருக்குள் இருக்கும் நீராவிக் குமிழிகள் விரியும், புதிதாகவும் குமிழி கிளம்பும். தண்ணீரின் நிறை குறைந்துகொண்டிருக்கும்போதே கண்ணாடியில் மட்டம் ஏறும். அதை நம்பி ஊட்டுநீரைக் குறைத்தால், கொஞ்ச நேரத்தில் குமிழி அடங்கி மட்டம் சடாரென்று விழும். இதற்கு நேர்மாறாக, குளிர்ந்த ஊட்டுநீரை மொத்தமாக விட்டால் குமிழிகள் சுருங்கி, தண்ணீர் சேரும்போதே மட்டம் இறங்கும்.

நிறைச் சமநிலை மட்டும் எழுதிய மாடலில் இது வரவே வராது. குறைந்தது மூன்று தேக்கம் வேண்டும்: தண்ணீரின் நிறை, ஆற்றல், தண்ணீருக்குள் நிற்கும் நீராவியின் பருமன். அழுத்தத்தை நீராவி அட்டவணையோடு இணைக்கும்போது முழு அழுத்தமா, கேஜ் அழுத்தமா என்று பாருங்கள். கேஜ் காட்டும் எண்ணோடு வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டித்தான் அட்டவணைக்குள் போக வேண்டும்.

கலனுக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியாதபோது?

ஸ்டெப் டெஸ்ட் செய்யுங்கள். முறை இது. கன்ட்ரோலரை மேனுவலில் போடுங்கள். அரை மணி நேரமாவது எல்லாம் அசையாமல் நிற்கட்டும். வால்வை ஒரே அடியாக 5 முதல் 10% நகர்த்துங்கள், பிறகு கை வைக்காதீர்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் செய்யக்கூடாது. அடுத்து வருகிறவர் தெரியாமல் வால்வைத் திருப்பிவிடுவார்.

நீராவி வால்வு 40%-லிருந்து 50%-க்குப் போக, டேங்க் சூடு 62 டிகிரியிலிருந்து 70-க்கு ஏறி நின்றது என்று வைப்போம். ஈட்டம், அதாவது வால்வு ஒரு சதவீதம் நகர்ந்தால் சூடு மாறும் அளவு, 0.8 டிகிரி. மொத்த ஏற்றத்தில் 28.3% என்றால் 64.26 டிகிரி, அது 5-ஆம் நிமிடத்தில் வந்தது. 63.2% என்றால் 67.06 டிகிரி, 11-ஆம் நிமிடம். இடைவெளி 6 நிமிடத்தை ஒன்றரையால் பெருக்கினால் கால மாறிலி 9 நிமிடம். 11-லிருந்து 9 போக, தாமதம் 2 நிமிடம். மூன்று எண் கிடைத்துவிட்டது, கன்ட்ரோலர் டியூனிங்குக்கு இவை போதும்.

அதே அளவு கீழ்நோக்கியும் செய்ய வேண்டும். ஏறும்போது 9 நிமிடம், இறங்கும்போது 15 என்று வந்தால் சூடாக்குவது நீராவி, ஆறவைப்பது சுற்றியுள்ள காற்று மட்டுமே என்று பொருள். இரண்டுக்கும் ஒரே மாடல் பொருந்தாது. இன்னொன்று, வால்வு இறுகியிருந்தால் 2% சைகைக்கு நகராமல் இருந்துவிட்டு 3%-இல் குதிக்கும். சைகையை மட்டும் பதிவு செய்யாமல் தண்டு நகர்ந்ததா என்று ஒருவர் அருகில் நின்று பார்ப்பது நல்லது. தெர்மோவெல்லுக்குள் (சென்சாரைக் காக்கும் உறைக்குழாய்க்குள்) இருக்கும் சென்சாருக்கும் அதன் பங்குக்குச் சுணக்கம் உண்டு. நீங்கள் அளந்த தாமதத்தில் அதுவும் சேர்ந்திருக்கும்.

நிரல் ஓட்டினால் எண் எகிறுகிறது, அல்லது ‘எண் அல்ல’ என்று வருகிறது. ஏன்?

எகிறுவதற்குக் காரணம் பெரும்பாலும் காலப் படி, அதாவது கணக்கு ஒரு தாவலில் முன்னேறும் நேரம். இப்போதைய வேகத்தையே அடுத்த படி வரை நீட்டும் எளிய ஆய்லர் முறையில் படி, மாடலிலேயே மிகச் சிறிய கால மாறிலியைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் கணக்கு வெடிக்கும். சென்சாருக்குக் கால மாறிலி 10 நொடி, நீங்கள் 25 நொடிப் படி வைத்திருக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு படியிலும் பிழை −1.5-ஆல் பெருகும்: 1, −1.5, 2.25, −3.375. கலனில் எந்தக் கோளாறும் இல்லை, கணக்கில்தான். படியைச் சிறிதாக்கினால் அடங்கும், ஆனால் 40 நிமிட டேங்கை 10 நொடி சென்சாரோடு சேர்த்து ஒரு நாள் முழுக்க ஓட்டும்போது வீண் வேலை. அப்போது படி பெரிதானாலும் வெடிக்காத இம்ப்ளிசிட் முறைக்கு மாறுங்கள். அல்லது சென்சார் கேள்விக்குத் தேவையில்லை என்றால் அதன் சமன்பாட்டை எடுத்துவிட்டு ‘உடனே காட்டும்’ என்று வையுங்கள்.

‘எண் அல்ல’ என்று வந்தால் முதலில் வர்க்கமூலத்தைப் பாருங்கள். டேங்க் காலியாகும் இடத்தில் கணக்கு ஒரு படி கூடுதலாக இறங்கி மட்டம் −0.0001 ஆகும், அதற்கு வர்க்கமூலம் கிடையாது. மட்டம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் ஒரு வரி போதும்.

எந்த மென்பொருள்?

பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பைத்தானில் சைபை நூலகத்தின் ‘சால்வ் ஐவிபி’ நல்லது. அது இயல்பாக ரங்கே–குட்டா முறையில் ஓடும், வேகமும் மெதுவும் கலந்த மாடலுக்கு ராடாவ் அல்லது பிடிஎஃப் முறையை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சைலேப், ஆக்டேவ், ஓப்பன்மாடலிகா எல்லாம் இலவசம். பொருட்களின் ஆவியழுத்தம், என்தால்பி வேண்டுமென்றால் டிடபிள்யூசிம் உண்டு, அதில் டைனமிக் வசதியும் இருக்கிறது. ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் இவற்றில் பலவற்றைக் கல்லூரிகளுக்குக் கொண்டு செல்கிறது. முதல் டேங்கை மட்டும் எக்செல்லில் கையால் செய்யுங்கள். ஒவ்வொரு வரியிலும் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் பிறகு மென்பொருளிடம் ஏமாறுவதில்லை.

மாடலும் ஆலையும் ஒத்துவரவில்லை. முதலில் எதைச் சந்தேகிப்பது?

கெழுக்களைத் திருகித் திருகிப் பொருத்துவதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் எல்லா உள்ளீட்டையும் மாறாமல் வைத்து மாடலை நீண்ட நேரம் ஓட்டுங்கள். ஸ்டெடி ஸ்டேட் கணக்கு சொன்ன இடத்தில் வந்து நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் சமன்பாட்டில் பிழை. நின்றால், அடுத்து ஆலைத் தரவையே சோதியுங்கள். ஒரு வாரத் தரவை எடுத்து மொத்த வரத்து, மொத்தப் போக்கு, தேக்கத்தின் மாற்றம் மூன்றையும் கூட்டிக் கழியுங்கள். பூஜ்யம் வராமல் ஐந்தோ ஆறோ சதவீதம் உதைத்தால் ஓட்டமானி ஒன்று தப்பாகக் காட்டுகிறது. அந்தத் தரவுக்கு மாடலைப் பொருத்துவது, கோணலான தராசில் நிறுத்துவிட்டுச் சரக்கைக் குறை சொல்வது போல.

அதன்பிறகு அலகுகள், கலனின் உண்மையான அளவு (வரைபடத்தில் உள்ளது அல்ல, உள்ளே வண்டல் படிந்தது போக மிஞ்சியது), கலக்கி உண்மையிலேயே கலக்குகிறதா என்பது. கூலிங் டவர் உள்ள ஆலையில் குளிர்நீர்ச் சூட்டை மாறாத எண்ணாகப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். அது வெட் பல்ப் சூட்டை (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் சூட்டை) தொடர்ந்து மாறும். சாரல் அடிக்கும் தென்காசிப் பக்கமும், வறண்ட காற்று வீசும் கயத்தாறும், கடல் ஈரம் நிற்கும் தூத்துக்குடியும் ஒரே நாளில் ஒரே எண்ணைத் தராது.

இத்தனையும் சரியாக இருந்து இன்னும் விலகினால் மட்டும் கெழுவைத் தொடுங்கள். ஒரு தரவில் பொருத்தி, வேறு நாளின் தரவில் சோதியுங்கள். பொருத்திய தரவிலேயே சோதித்துக் காட்டும் அழகான கோட்டுக்கு மதிப்பில்லை.

முடித்த மாடலோடு என்ன எழுதி வைக்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும். எந்தக் கேள்விக்காக எழுதியது, எதையெல்லாம் விட்டோம், எந்த மட்டம், சூடு, ஓட்டத்துக்குள் நம்பலாம், தரவு எடுத்த தேதி, அன்று எக்ஸ்சேஞ்சர் சுத்தம் செய்து எத்தனை நாள் ஆகியிருந்தது, ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு. எந்த எண் அளந்தது, எந்த எண் புத்தகத்தில் எடுத்தது, எந்த எண் உத்தேசம் என்று மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள். அடுத்த ஆண்டு வால்வை மாற்றும்போது எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று தேடுகிறவர் முதலில் திறப்பது இந்தப் பக்கத்தைத்தான்.